விமானத்துக்கு வைத்த பொட்டு

கிரேன் ஓட்டுகிறவனுக்கு முதலில் போவது கழுத்து. சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் துறைமுகத்தில், கப்பலுக்கு மேலே தொங்கும் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, இரண்டு கால்களுக்கும் நடுவே குனிந்து பார்த்தபடி ஒரு ஷிப்ட் முழுக்கப் பெட்டி தூக்கினால் கழுத்து இரும்பாகிவிடும். அப்படிக் குனிந்துவிட்டு பிடோக் வீட்டுக்கு வந்த பிறகும் நான் குனிந்துதான் உட்கார்ந்திருந்தேன், சாப்பாட்டு மேசையில், துண்டு துண்டாக வாங்கி ஒட்டிச் செய்கிற ஒரு பிளாஸ்டிக் போர்விமானத்துக்கு முன்னால். பைத்தியக்காரத்தனம் என்று பக்கத்து வீட்டுக்காரர் நேராகவே சொன்னார். நான் மறுக்கவில்லை. களைத்தவனுக்குப் படுக்கை போதும் என்று நினைக்கிறவர்கள் சரியாகக் களைத்ததில்லை என்றுதான் சொல்வேன். சில களைப்புக்குத் தூக்கமே வராது. கைக்குள் அடங்குகிற, யாரும் அவசரப்படுத்தாத ஒரு வேலைதான் அதற்கு வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் செய்த ஒரு விமானத்தைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். என் மனைவியின் கண்ணைப் பற்றி எழுதாமல் அதை எழுத முடியாது. ஏனென்றால் அதற்கு முன் நான் செய்த விமானங்களுக்கெல்லாம் கண்ணாடி மூடியின் மேல் டேப் வெட்டி ஒட்டியது அவள்தான். அந்த வருடம் எங்கள் வீட்டில் பாதி பேசியும் பாதி பேசாமலும் ஓடிக்கொண்டிருந்த விஷயமும் அவள் கண்தான்.

அவள் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியை நகத்தளவு சில்லின் மேல் ஒட்டுகிற வேலை. மைக்ரோஸ்கோப்பை அவர்கள் ஸ்கோப் என்பார்கள். பள்ளிக்கூடம் விட்ட கையோடு சேர்ந்தவள். அந்த லைனில் அவளுக்கு நல்ல கை என்று பெயர். புதிதாக வருகிற பெண்களை அவள் பக்கத்தில்தான் உட்கார வைப்பார்கள். கண் போனால் அந்த நாற்காலி போகும். நாற்காலி போனால் அவளுக்கு என்ன மிச்சம் என்று யோசித்து நான் பயந்தேன். அவளும் அதற்குத்தான் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

விமானம் ஹரிக்கேன். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ்காரன் ஓட்டியது. ஜப்பான்காரனிடம் சிங்கப்பூர் விழுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், அதைத் துண்டு துண்டாகப் பெட்டிகளில் அடைத்துக் கப்பலில் கொண்டுவந்து, இங்கேயே பூட்டிப் பறக்கவிட்டார்கள். பறந்து பெரிதாக ஒன்றும் கிழித்துவிடவில்லை. ஆனால் பெட்டியில் வந்து இறங்கிய விமானம் என்பதால், பெட்டி இறக்கிப் பிழைக்கிற எனக்கு அதன்மேல் ஓர் ஒட்டுதல். அட்டைப்பெட்டியைக் கடையில் பார்த்தவுடன் கையில் எடுத்துவிட்டேன். உள்ளே என்ன வேலை காத்திருக்கிறது என்று யோசிக்கவில்லை.

பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டுவதில் பெரிய சூட்சுமம் இல்லை. சூட்சுமம் எல்லாம் பெயிண்டில். பெயிண்டிலும், பூசுவதில் இல்லை, மூடிவைப்பதில். எந்த இடத்தில் நிறம் படக்கூடாதோ அந்த இடத்தை டேப்பால் மூட வேண்டும். அதற்குப் பெயர் மாஸ்கிங். மூடுவதற்கு ஒரு வாரம் ஆகும், பூசுவதற்கு ஒரு நிமிடம். தேக்காவில் ஒரு ஹார்ட்வேர் கடையில் விற்ற மாஸ்கிங் டேப்தான் எனக்குக் கிடைத்தது. வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்கிறவர்கள் வாங்குவது. அதன் ஓரம் நேராகத் தெரியும், ஆனால் பிசிறு பிசிறாக இருக்கும். அந்தப் பிசிறு வழியே பெயிண்ட் கசிந்து உள்ளே போய்விடும். அதனால் ஒரு கண்ணாடித் துண்டில் டேப்பை ஒட்டி, ஸ்கேலை வைத்து, புது பிளேடால் புது ஓரம் வெட்டிக்கொள்ள வேண்டும். பசையோ பேய்ப் பசை. அப்படியே ஒட்டினால் எடுக்கும்போது கீழே இருக்கிற பெயிண்டையும் உரித்துக்கொண்டு வந்துவிடும். அதற்காக முதலில் என் தொடையில் ஒட்டி ஒட்டி எடுத்து அதன் கொழுப்பை அடக்குவேன். அந்த வருடங்களில் என் வலது தொடையில் ஒரு முடி கிடையாது.

பூசுவதற்கு, பெயிண்டைக் காற்றோடு தூவுகிற ஏர்பிரஷ் வைத்திருந்தேன். ஏர்பிரஷுக்குக் காற்று வேண்டும். எனக்குக் காற்று கொடுத்தது ஒரு பழைய கார் டயர். பெட்ரோல் நிலையத்துக்கு அதை உருட்டிக்கொண்டு போய்க் காற்று நிரப்பி, உருட்டிக்கொண்டே திரும்பி வந்து, லிஃப்டில் ஏற்றுவேன். லிஃப்ட் எங்கள் மாடியில் நிற்காது, மேல்மாடியில்தான் நிற்கும். அங்கிருந்து படியில் இறக்கி வீட்டுக்குள் கொண்டுவந்து, வால்வில் குழாயை மாட்டி, ஓர் இறக்கை பூசி முடிப்பதற்குள் டயர் மூச்சை விட்டுவிடும். மறுபடி உருட்ட வேண்டும். எங்கள் வரிசையில் ஒரு மலாய்க்கார அம்மா இருந்தார். நான் டயரோடு போவதைப் பார்க்கும்போதெல்லாம், "கார் எப்போது வாங்கப் போகிறாய்?" என்று மலாயில் கேட்பார். அடுத்த மாதம் என்பேன். அவரும் நம்பியதாகத் தலையாட்டுவார்.

இதிலே மழை வேறு. ஈரக்காற்றில் பூசினால் பெயிண்டின் மேல் வெள்ளையாகப் பூத்துவிடும். நம் ஊரில் ஈரமில்லாத காற்றுக்கு எங்கே போவது? விடுமுறை நாளில் வெயில் அடித்தால் டயரில் காற்று இருக்காது. டயரில் காற்று இருந்தால் மழை கொட்டும். இரண்டும் கூடிவந்தால் எனக்கு ஷிப்ட் இருக்கும். ஹரிக்கேனின் வயிற்றுக்கு வெளிர் நிறமும், முதுகுக்குப் பழுப்பும் பூசி முடிக்கவே மாதங்கள் ஓடிவிட்டன.

பழுப்பின் மேல் கரும்பச்சை, வளைந்து வளைந்து, மேகம் படர்ந்தது போல வர வேண்டும். அந்த வளைவுகளின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கக் கூடாது, கொஞ்சம் மங்கி இருக்க வேண்டும். அதற்குப் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைப் புழுப் புழுவாக உருட்டி ஓரத்தில் வைக்க வேண்டும் என்று படித்திருந்தேன். என் மனைவி அதைக் கேட்டுவிட்டு, "சப்பாத்தி மாவு இருக்கும்போது களிமண்ணுக்கு எதுக்குங்க அலையிறீங்க?" என்று மாவைப் பிசைந்து உருட்டிக் கொடுத்தாள். அழகாக வளைந்து உட்கார்ந்தது. மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தால் விமானம் முழுக்க எறும்பு. பிரிட்டிஷ்காரனை ஜப்பான்காரன்கூட அந்த அளவுக்கு மொய்த்திருக்க மாட்டான். அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்தோம். அந்த வருடத்தில் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு நாள்தான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மற்ற நாட்களில் அவள் வருகிற நேரம் நான் போவேன், நான் வருகிற நேரம் அவள் தூங்குவாள்.

மிச்சம் இருந்தது கண்ணாடி மூடி. விமானி தலைக்கு மேல் இழுத்து மூடிக்கொள்கிற மூடி. ஹரிக்கேனுக்கு அது ஒரே கண்ணாடி இல்லை. சட்டம் சட்டமாக, பழைய வீட்டு ஜன்னல் மாதிரி. சட்டத்துக்கு மட்டும் நிறம் பூச வேண்டும், சட்டங்களுக்கு நடுவில் உள்ள ஒவ்வொரு கண்ணாடிக்கும் டேப் வெட்டி மூட வேண்டும். சில துண்டுகள் அரிசியைவிடச் சின்னவை. மற்ற விமானங்களுக்கெல்லாம் அவள்தான் அதைச் செய்தாள். ஸ்கோப் முன்னால் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு வந்து, காபி டம்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பூதக்கண்ணாடிகூட இல்லாமல் பிளேடை எடுத்து வெட்டி ஒட்டிவிட்டுப் போய்விடுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாய் பார்ப்பேன். "உங்க ஏரோப்ளேன் ஜன்னலை அடைச்சாச்சு" என்று சொல்லிவிட்டு அரிசி கழுவப் போவாள்.

இந்தத் தடவை மூடியை ஒரு கிண்ணத்தில் போட்டு மேசையில் வைத்தேன். அது அங்கேயே இருந்தது.

"என்னங்க, இன்னைக்கு ஓட்டி செஞ்சுட்டு வந்திருக்கேன், தலை வெடிக்குது. நாளைக்கு வெட்டித் தர்றேன் லா" என்றாள். ஓவர்டைமை இங்கே ஓட்டி என்பார்கள்.

மறுநாளும் தலைவலி. அடுத்த வாரம் கை வலி. அதற்கடுத்த வாரம் நான் கேட்கவில்லை. நானே வெட்டிப் பார்த்தேன். கப்பலின் பள்ளத்துக்குள் பெட்டியை இறக்கி அசையாமல் உட்கார வைக்கிற என் கைக்கு, ஒரு டேப் துண்டைச் சட்டத்துக்குள் உட்கார வைக்கத் தெரியவில்லை. நாலைந்து ஒட்டுவதற்குள் கழுத்து பிடித்துக்கொண்டது. எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டுவிட்டேன்.

கண்ணைப் பற்றி நான் கேட்காமல் இல்லை. சோற்றில் கல் கடிபட ஆரம்பித்திருந்தது. அவள் அரிசி பொறுக்கினால் கல் இருந்ததே கிடையாது. பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது, "அது நம்ம பஸ்ஸா பாருங்க" என்பாள், பஸ் கிட்டே வந்த பிறகும். ஒரு நாள் சாப்பிடும்போது நேராகவே கேட்டேன்.

"ஃபேக்டரியில கண் டெஸ்ட் வந்துச்சே, என்ன ஆச்சு?"

"பாஸ்தான். ஏன், என்னைக் கிழவின்னு நினைச்சுட்டீங்களா?"

"கேட்டேன், அவ்வளவுதான்."

"கண்ணு போனா நான் என்ன செய்யறது? வீட்டுல உக்காந்து உங்க டயருக்குக் காவல் இருக்கறதா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பாஸ் என்ற வார்த்தை எனக்குப் போதுமாக இருந்தது. மற்றதையெல்லாம் களைப்பு என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் எதற்குமே களைப்பு என்று காரணம் சொல்லிவிடலாம். யாரும் மறுத்துப் பேச மாட்டோம்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. அவள் பிறந்த வீட்டில் கொலு வைக்கிற வழக்கம் கிடையாது. ஆனால் ஆயுத பூஜையை மட்டும் விட மாட்டார்கள். கல்யாணமான முதல் வருடத்திலிருந்து வீட்டில் வேலை செய்கிற எந்தப் பொருளையும் அவள் விட்டுவைத்ததில்லை. தையல் மிஷின், கத்தரிக்கோல், இஸ்திரிப்பெட்டி, தேங்காய்த் துருவி, அரிவாள்மனை, ஃப்ரிட்ஜ், டி.வி. எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து, சந்தனத்தின் நடுவில் குங்குமம் வைப்பாள். ஒரு வருடம் என் வேலைத் தொப்பிக்கும் வைத்துவிட்டாள். நான் கவனிக்காமல் போட்டுக்கொண்டு போய், அன்றைக்கு முழுக்க என் கூட்டாளிகள் என்னைச் சாமி, சாமி என்று கும்பிட்டார்கள். அவள் வைக்கிற பொட்டு அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். சந்தனம் ஒரு கட்டைவிரல் அகலம், குங்குமம் அதன் சரியான நடுவில். பத்துப் பொருளுக்கு வைத்தாலும் பத்தும் ஒரே மாதிரி. அவள் தொழிலே அதுதானே.

முந்தின நாள் சிராங்கூன் ரோட்டில் பூவும் பொரியும் வாங்கி வந்தோம். கூட்டம் தோளை இடித்தது. அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். இவ்வளவு வருடத்தில் கடைத்தெருவில் அவள் என்னைத் தொட்டு நடந்ததில்லை. எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் எழுத வேண்டும்.

பூஜையன்று எனக்குக் காலை ஷிப்ட். அவள் லீவு போட்டிருந்தாள். வெயில் தாழ்கிற நேரத்தில் வீடு வந்து கதவைத் திறந்தால் ஊதுபத்தி வாசனை, சமையலறையில் சுண்டல் தாளிக்கிற சத்தம். செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தேன். மேசையில் வாழையிலை போட்டு, என் பிளேடு, ஏர்பிரஷ், ஸ்கேல் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, நடுவில் ஹரிக்கேனை வைத்திருந்தாள். அதற்கும் பொட்டு. மூக்கின் மேல் ஒன்று, இரண்டு இறக்கையிலும் ஒவ்வொன்று.

விமானத்துக்குப் பூசுகிற பெயிண்டில் பளபளப்பு கிடையாது. பளபளப்பில்லாத பெயிண்ட் சுண்ணாம்புச் சுவர் மாதிரி, எது பட்டாலும் உறிஞ்சிக்கொள்ளும். சந்தனத்தின் தண்ணீர் கரும்பச்சையில் வட்டமாக ஊறியிருந்தது. குங்குமம் பெயிண்டுக்குள் ஏறிவிட்டது. மாதக்கணக்கில் டயர் உருட்டிய உழைப்பு. கோபம் எனக்குச் சட்டென்று வரும், வந்தால் வாய் சும்மா இருக்காது. அவளைக் கூப்பிடத் திரும்பினேன்.

அப்போதுதான் அது உறைத்தது. குங்குமம் ஏன் பெயிண்டில் ஏற வேண்டும்? சந்தனத்தின் மேல்தானே வைப்பார்கள்?

மறுபடி பார்த்தேன். மூக்கில் சந்தனம் இருந்தது. குங்குமம் அதற்குப் பக்கத்தில், ஒரு விரல் தள்ளி, தனியாக இருந்தது. இறக்கையிலும் அப்படியே. கை தவறியிருக்கும் என்று நினைத்தேன். தையல் மிஷினைப் பார்த்தேன். அங்கேயும் தள்ளி. இஸ்திரிப்பெட்டி, துருவி, ஃப்ரிட்ஜ் கதவு, டி.வி.யின் மரச்சட்டம். எல்லாவற்றிலும் சந்தனம் ஓரிடத்தில், குங்குமம் அதற்குப் பக்கத்தில், ஒரே திசையில், ஒரே அளவு தள்ளி. அவள் கை தவறவில்லை. அவள் கை எப்போதும்போல் பத்துக்குப் பத்தும் ஒரே மாதிரிதான் வைத்திருந்தது.

என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அவள் சுண்டல் பாத்திரத்தோடு வந்தாள். "உங்க ஏரோப்ளேனையும் விடலை. அதுவும் ஆயுதம்தானே?" என்றாள்.

"ஆமா."

"பொட்டெல்லாம் சரியா வந்திருக்கா?"

அவள் அப்படிக் கேட்டதே இல்லை. தான் வைத்த பொட்டைப் பற்றி இன்னொருவரிடம் கேட்கிற ஆள் இல்லை அவள். சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அந்தச் சாயந்திரம் சுண்டலோடு முடிந்திருக்கும்.

"கொஞ்சம் தள்ளிப் போயிருக்கு" என்றேன்.

"எதுல?"

"எல்லாத்துலயும்."

பாத்திரத்தை மேசையில் வைத்தாள். வைக்கும்போது கையால் மேசை விளிம்பைத் தடவிப் பார்த்து வைத்தாள். எனக்கு எதிரே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் ஊதுபத்திச் சாம்பல் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

"வலது கண்ணுல நடுவுல ஓட்டைங்க" என்றாள். "சுத்தி எல்லாம் தெரியுது. நேரா எதைப் பாக்கறேனோ அது மட்டும் இல்ல. இப்ப இடது கண்ணுலயும் ஆரம்பிச்சிருச்சு. நேர்க்கோடெல்லாம் வளைஞ்சு தெரியுது."

"பாஸுன்னியே?"

"எனக்கு முன்னாடி வரிசையில நிக்கற பொண்ணு சத்தமாப் படிப்பா. கேட்டுக்கிட்டு அப்படியே நானும் படிப்பேன். எல்லாருக்கும் ஒரே அட்டைதானே லா."

"ஸ்கோப்புல எப்படிச் செய்யறே?"

"தலையக் கொஞ்சம் சாய்ச்சு ஓரத்தால பாப்பேன். கை பழகின கை, தானாப் போகும். தப்பாயிட்டா பக்கத்துப் பொண்ணு எடுத்துச் சரி பண்ணிக் குடுப்பா. நான் பழக்கிவிட்ட பொண்ணு, சொல்ல மாட்டா."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்களே கழுத்து ஒடிஞ்சு வர்றீங்க. என் கண்ணையும் தூக்கி உங்க தலையில வைக்கவா?"

எனக்குப் பயமாக இருந்தது. அதைவிட அசதியாக இருந்தது. ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒருவர் வலியை ஒருவரிடமிருந்து ஒளித்து வைப்பதையே குடும்பம் நடத்துவது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

"நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம்" என்றேன்.

"நாளைக்கு விஜயதசமிங்க."

"அதனால?"

"ஒண்ணுமில்ல. எதைத் தொடங்கினாலும் நல்லா வளரும்னு சொல்லுவாங்க. கண்ணு டாக்டர்கிட்ட போறதுமா?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு எழுந்து கற்பூரம் ஏற்றினாள். கற்பூரத்தை அவள் கையிலிருந்து நான் வாங்கிக்கொண்டேன். பூஜை முடித்து, சுண்டல் சாப்பிட்டோம். உப்பு சரியாகத்தான் இருந்தது.

அந்த விமானம் என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்காக இங்கேயே சொல்லிவிடுகிறேன். மெல்லிய மனம் படைத்தவர்கள் அந்தப் பொட்டை அப்படியே விட்டு, காலமெல்லாம் பார்த்துக் கண் கலங்கியிருப்பார்கள். நான் பிறகொரு நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தெடுத்துவிட்டு மறுபடி பச்சை பூசினேன். கண்ணாடிச் சட்டங்களை டேப் ஒட்டாமல் வெறும் பிரஷ்ஷால் வரைந்தேன். கோணல் மாணலாக வந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் சொன்னார்கள்.

விஜயதசமியன்று காலை சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு கண் டாக்டரிடம் போனோம். கண்ணில் மருந்து ஊற்றி உட்கார வைத்தார்கள். சாதாரண வெளிச்சம்கூடக் கூசியதால் அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தொழிற்சாலையில் என்ன பேசுவது, அவளை வேறு எங்கே போடச் சொல்வது, அழுதால் எப்படித் தேற்றுவது என்று நான் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு லைன் கிடைக்கும், பேக்கிங் கிடைக்கும், உன் கைக்கு எங்கேயும் மதிப்பு இருக்கிறது என்றெல்லாம் வார்த்தைகள் தயார் செய்தேன்.

டாக்டர் இளவயதுச் சீனர். நெடுநேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தார்.

"டாக்டர், கண்ணு என்னோடது. என்கிட்ட சொல்லுங்க" என்றாள் அவள், அதே இங்கிலீஷில்.

அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு அவளிடமே சொன்னார். இரண்டு விழிக்கும் உள்ளே நடுவில் தழும்பு. போனது திரும்பி வராது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது. நுணுக்கமான வேலை எதுவும் இனி செய்யக் கூடாது. ஸ்கோப் முன்னால் ஒரு நாள்கூட உட்காரக் கூடாது.

படியிறங்கி, கடை வாசல்களை ஒட்டி ஓடும் அஞ்சடி நடைபாதையில் நின்றோம். பூக்கடைக்காரர் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அவள் என் கையைப் பிடித்திருந்தாள். இப்போது அழுவாள் என்று நினைத்து, தயார் செய்த வார்த்தைகளில் எதை முதலில் சொல்வது என்று பார்த்தேன்.

"ஒரு நாள்கூட வேணாம்னா சொன்னாரு?" என்று கேட்டாள்.

"ஒரு நாள்கூட வேணாம்னுதான்."

"நோட்டீஸ் குடுத்துட்டு, அந்த ஒரு மாசம்?"

"அதுவும் வேணாம்."

"ஓட்டி?"

"ஓட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"அப்பாடா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். கண் மூடியிருந்தது. முகம், காய்ச்சல் விட்டவள் முகம் மாதிரி இருந்தது.

"பதினாறு வயசுல குனிஞ்சதுங்க" என்றாள். "கண்ணு போயிடுமோன்னு பயந்தது நிஜம்தான். ஆனா கண்ணு நல்லா இருந்து, இன்னும் எத்தனை வருஷம் அதுக்குள்ளேயே பாத்துக்கிட்டு இருக்கணுமோன்னு அதைவிடப் பயமா இருந்துச்சு. தாஹான் பண்ண முடியல, தாங்கவே முடியல. உங்ககிட்ட எப்படிச் சொல்றது? எல்லாரும் நல்ல கை, நல்ல கைங்கறாங்க. நீங்களும் அதைத்தான் சொல்றீங்க. நல்ல கைன்னு சொன்னவங்ககிட்ட போய், எனக்குப் பிடிக்கலைன்னு எப்படிச் சொல்றது?"

நான் தயார் செய்த வார்த்தை ஒன்றும் உதவவில்லை. அவள் நாற்காலி போய்விடுமே என்று நான் அந்த வருடம் முழுக்கப் பயந்தேன். அவளோ யாராவது ஒருவர் வந்து, போதும், எழுந்திரு என்று சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்திருக்கிறாள். அதைச் சொல்ல நான் ஒருவன் கூடவே இருந்தேன். கடைசியில் முன்பின் தெரியாத ஒருவர் சொல்ல வேண்டியதாயிற்று, அதுவும் கண்ணை வாங்கிக்கொண்டு.

பஸ் ஏறினோம். ஜன்னல் பக்கம் வெயில் கண்ணைக் குத்தும் என்று அவளை நடைவழிப் பக்கம் உட்கார வைத்தேன். இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. பட்டப்பகலில், பஸ்ஸில், அத்தனை பேருக்கு நடுவில் அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. என் கழுத்து வலித்தது. அசைக்கவில்லை. கேலாங் போயிற்று, எங்கள் நிறுத்தமும் வந்து போயிற்று. நான் மணி அடிக்கவில்லை. பஸ் முனையம் வரைக்கும் போய் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். டிரைவர் எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

இன்ஜின் சத்தம் நின்றதில் அவள் கொஞ்சம் அசைந்தாள். "வந்துட்டோமா?" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

"இன்னும் இல்ல. தூங்கு" என்றேன்.